மழை படாத வயிறு: கடலை உலோகத்தில் செய்வது பற்றி

வெர்சோவாவில் கடலைப் பார்த்த ஒரு அடுக்குமாடி வளாகத்தின் வாசலில் நாங்கள் செய்த கொடுவா மீன் நின்றது. ஏழடி நீளம், எவர்சில்வர் தகடு, செதில் செதிலாக வெட்டி ஒட்டியது. தலை கீழே, வால் மேலே, தண்ணீருக்குள் பாய்கிற மாதிரி. ஒரு மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். முதுகு வைத்த நாளில் இருந்தது போலவே பளபளவென்று இருக்கிறது, வயிறு முழுக்கத் தேநீரைக் கொட்டியது போலப் பழுப்பு. நான்கு மாதம் கொட்டு கொட்டென்று கொட்டிய மழையில் நனைந்த பக்கம் நன்றாக இருக்கிறது, மழையே படாத பக்கம் கெட்டுப்போயிருக்கிறது. துரு என்றால் தண்ணீரால் வருவது என்று பள்ளிக்கூடத்தில் படித்து வைத்திருந்த எனக்கு அன்றைக்கு ஒன்றுமே புரியவில்லை.

நான் சிற்பி இல்லை. குர்லாவில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவன். பட்டறை தூத்துக்குடிக்கார அண்ணாச்சி ஒருவருடையது. கேட், கைப்பிடி, படிக்கட்டு என்று ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு இப்போதெல்லாம் மீன், ஆமை, அலை, சுறா என்று வேலைகள் வருகின்றன. கடலோரத்தில் கட்டிடம் கட்டுகிறவர்களுக்கு வாசலில் கடல் சார்ந்த ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கடலைப் போல ஒன்றைச் செய்து அதைக் கடலுக்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. அந்த வயிற்றைப் பார்த்த பிறகுதான் படிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தேன்.

முதலில் அந்தப் பழுப்பு. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதிதான் உண்மை. அதற்குள்ளும் பெரும்பகுதி இரும்புதான். அதோடு சேர்ந்த குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலமாக நின்றுவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத, சில நானோமீட்டர் கனமுள்ள படலம். கீறினாலும் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். இதைத் துளைக்கத் தெரிந்த ஆள் உப்பில் இருக்கும் குளோரைடு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடைந்து தெறிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அது காற்றில் ஏறி வந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. படிந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகலில் காயும், இரவில் கசியும். காயக் காய உப்பு அடர்த்தியாகும். அந்த இடத்தில்தான் படலம் பொத்தலாகிறது.

மழை என்ன செய்கிறது என்றால், இந்த உப்பைக் கழுவி விடுகிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அவ்வளவும் நல்ல தண்ணீர். முதுகை வானமே தினமும் குளிப்பாட்டியது, வயிற்றை யாரும் தொடவில்லை. கடலோர உலோக வேலையில் இதைத் தேநீர்க் கறை என்றே சொல்கிறார்கள். கூரைக்கு அடியில் பத்திரமாக இருக்கும் கம்பிதான் முதலில் கறைபிடிக்கும், வெட்டவெளியில் நனைகிற கம்பி தப்பிக்கும். இது தெரிந்த பிறகு மரைன் டிரைவிலோ பாந்த்ராவிலோ எந்த எவர்சில்வர் கைப்பிடியைப் பார்த்தாலும் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது, எந்த எவர்சில்வர் என்ற கேள்வி. பட்டறையில் நம்பர் சொல்லித்தான் வாங்குவோம். 304 என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நம் வீட்டு நல்ல பாத்திரங்கள் இந்த வகை. 316 என்றால் அதோடு 2 முதல் 3 சதவீதம் மோலிப்டினம் சேர்ந்தது, குளோரைடைத் தாங்கும், விலையும் கூடுதல். 202 என்று ஒன்று, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது, மலிவு, வீட்டுக்குள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. புதிதாக இருக்கும்போது மூன்றும் கண்ணுக்கு ஒன்றுதான். காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்று நம் ஆட்கள் சொல்வார்கள், ஆனால் 202-லும் காந்தம் ஒட்டாது. நாங்கள் 304 என்று பணம் கொடுத்து வாங்கிய தகடு 202 என்று பிறகு தெரிந்தது. விற்றவர் பில்லில் வெறும் எஸ்.எஸ். தகடு என்றுதான் எழுதியிருந்தார். அண்ணாச்சி நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர், அவருக்கே அன்றைக்கு முகம் செத்துப்போனது. இப்போது மோலிப்டினம் பார்க்கும் சொட்டு மருந்து பாட்டில் ஒன்று பட்டறை மேசையில் இருக்கிறது. தகட்டில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியைத் தொட வைத்தால் நிறம் மாறுவதில் தெரிந்துவிடும்.

சரி, சரக்கில் மட்டும் தப்பு என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். இன்னொரு தப்பு எங்களுடையது, அது செதிலில் இருந்தது. அதைச் சொல்ல, செதில் எப்படி வைக்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

தகட்டில் மீன் செய்கிறவனுக்கு முதல் சிக்கல், மீன் உடம்பில் தட்டையான இடமே கிடையாது. ஒரு காகிதத்தை எடுத்துக் குழாயாகச் சுருட்டலாம், கூம்பாக மடிக்கலாம். அதே காகிதத்தை ஒரு பந்தின் மேல் சுருக்கமில்லாமல் போர்த்த முடியாது. தகடும் அப்படித்தான். ஒரே திசையில் வளைக்கிறது சுலபம், இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைய வேண்டுமானால் உலோகம் சில இடத்தில் நீள வேண்டும், சில இடத்தில் சுருங்க வேண்டும். நம் ஊரில் இதை யார் செய்தார்கள் என்று பார்த்தால், கன்னார்தான். செப்புக் குடத்தின் வயிறு இரண்டு திசையிலும் வளைந்தது. தட்டத் தட்டச் செம்பு விறைத்துப்போகும், மேலும் தட்டினால் கிழியும், அதனால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி இளக்கி, மறுபடி தட்டி, மறுபடி காய்ச்சி. ஒரு குடத்துக்குள் இத்தனை தடவை நெருப்பும் தண்ணீரும் போயிருக்கும். மும்பையில் பைதோனி பக்கம் தாம்பா காட்டா என்று செம்பு பித்தளைக் கடைத்தெரு இருக்கிறது, அங்கே ஒரு குடத்தைக் கையில் எடுத்து அடிப்பக்கம் வட்டம் வட்டமாகச் சுத்தியல் தடம் இருப்பதைத் தடவிப் பாருங்கள். ஒரு திமிங்கிலத்தின் முதுகைச் செய்ய வேண்டிய கை வேலை அதுதான், அளவு மட்டும்தான் வேறு.

அந்தப் பொறுமையும் கூலியும் இல்லாதபோது வருகிற வழி செதில். பெரிய வளைவைச் சின்னச் சின்னத் துண்டாக்கிவிட்டால் ஒவ்வொரு துண்டும் தட்டையாகவே இருக்கலாம், சேர்ந்து பார்க்கும்போது வளைவு வந்துவிடும். எட்டு மில்லிமீட்டர் ராடில் விலா எலும்பு மாதிரி கூடு கட்டி, 18 கேஜ் தகட்டில் நகம் போல வெட்டிய செதில்களை வாலில் இருந்து ஆரம்பித்துத் தலையை நோக்கி வரிசையாகப் பற்ற வைக்க வேண்டும். ஓடு வேய்கிறவர் இறவாரத்தில் ஆரம்பித்து மோட்டை நோக்கிப் போவது போல. முன் வரிசை பின் வரிசையின் மேல் ஏறி நிற்கும். எங்கள் கொடுவாவில் அறுநூறு செதிலுக்கு மேல். கொடுவாவை இந்தப் பக்கம் ஜிதாடா என்பார்கள், ராய்கட் மாவட்டத்துக்காரர்கள் அதற்காக உயிரையே விடுவார்கள். அதன் செதில் பெரிதாக, வரிசையாக இருக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். வஞ்சிரம் செய்யச் சொல்லியிருந்தால் செதில் வேலையே கிடையாது, வழவழவென்று ஒரே உடம்பு.

இப்போது தப்புக்கு வருகிறேன். ஒவ்வொரு செதிலும் அடுத்ததன் மேல் ஏறும் இடத்தில் ஒரு இடுக்கு. இடுக்குக்குள் காற்று போகாது, ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லையென்றால் அந்தக் குரோமியப் படலம் மறுபடி மூடிக்கொள்ள வழியில்லை. உப்புத் தண்ணீர் மட்டும் உள்ளே போய்த் தங்கும். வெட்டவெளியில் நன்றாக இருக்கும் எவர்சில்வர் கூட இடுக்கில் அரித்துப்போகும். அறுநூறு செதில் என்றால் அறுநூறு இடுக்கு. அதோடு நாங்கள் மீனைத் தலைகீழாகப் பாய விட்டிருந்தோம். செதிலின் திறந்த வாய் எந்தப் பக்கம்? வால் பக்கம். வால் மேலே. ஆக அறுநூறு சட்டைப்பை வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தூசியும் உப்பும் ஈரமும் போய் விழுந்து, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே ஊறியது. முதுகில் கூட, வெளியே பளபளப்பாக இருந்த செதில்களைத் திருப்புளியால் நெம்பிப் பார்த்தால் உள்ளே செந்நிறப் பொடி. மழை கழுவியது மேல்தோலை மட்டும்தான்.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, மீனு தலையை முன்னால வச்சித்தானே நீந்துது. தண்ணி தலையில பட்டு வால் வழியாப் போவுது. செதில் அதுக்குத் தோதா இருக்கு. நாம வால் பக்கமா தண்ணியை ஊத்திட்டோம்லா."

இதற்கு மேல் எந்தப் புத்தகமும் எனக்குத் தெளிவாகச் சொன்னதில்லை. மீனின் உருவத்தைத் தண்ணீர்தான் தீர்மானித்தது. அந்த உருவத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்மானித்த விசையை மட்டும் விட்டுவிட்டால் அது மீன் படம். கடல் சார்ந்த சிற்பத்தில் உருவத்தை விட முக்கியமான முடிவு, தண்ணீரும் உப்பும் காற்றும் இதன் மேல் என்ன வேலை செய்யப்போகின்றன, அதை நான் தடுக்கிறேனா அல்லது விடுகிறேனா என்பது. உலகத்தில் நல்ல வேலைகள் என்று எதையெல்லாம் பார்க்கிறேனோ, அவை எல்லாவற்றிலும் இந்த முடிவு தெளிவாக இருக்கிறது.

விட்டவர்களில் ஆங்கிலேயச் சிற்பி ஆண்டனி கோர்ம்லியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே கிராஸ்பி கடற்கரையில் 2005 முதல் அவருடைய 100 வார்ப்பிரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அவருடைய சொந்த உடம்பை அச்செடுத்து வார்த்தவை, ஒவ்வொன்றும் 650 கிலோ, சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்கின்றன. ஏற்றம் வரும்போது பலர் தலைவரை மூழ்கிப்போவார்கள், வற்றும்போது வெளியே வருவார்கள். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்று தெரிந்தேதான் வைத்தது. கடலுக்குள் தள்ளி நிற்கிறவர்கள் மேல் கொட்டலசு அப்பியிருக்கிறது, படகின் அடியில் அப்புமே அதே கொட்டலசு. கரையோரம் நிற்கிறவருக்கு இடுப்புவரை ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம். தண்ணீர் எந்த உயரம்வரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அந்த உடம்புகளைப் பார்த்தே சொல்லலாம். மீன் உருவம் எதுவும் இல்லாமலேயே அங்கே கடல் உயிர் சிற்பத்துக்குள் வந்துவிட்டது.

காற்றையும் அலையையும் உள்ளே அழைத்தவர் சிற்பி எதுவார்தோ சிய்யிதா. ஸ்பெயினில் சான் செபஸ்தியான் விரிகுடாவின் ஓரத்தில், பாறைகளுக்குள் வேர்விட்டது போல 3 எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 10 டன், 1977-இல் முடிந்த வேலை. காற்றின் சீப்பு என்று பெயர். கடலில் இருந்து வரும் காற்று ஊருக்குள் நுழையும் முன் அந்தப் பற்களுக்கு நடுவே சீவப்பட்டுப் போகிறது என்ற எண்ணம். பக்கத்தில் கல் பாவிய தளத்தில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள், அலை கீழே மோதும்போது காற்றும் நீரும் அந்த ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு மேலே வரும்.

காற்று என்றதும் கணக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம் நாட்டுக் கட்டுமான விதிகளில் மும்பைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 44 மீட்டர், மணிக்கு 158 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கு 50 மீட்டர். 44 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் சுமார் 118 கிலோ எடை வைத்து அழுத்தியது போன்ற விசை வரும். உயரம், இடம், வடிவம் பார்த்து இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்வார்கள். எங்கள் ஏழடி மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அது ஒற்றைக் குழாயின் மேல் ஆறடி உயரத்தில் நின்றால், அந்தக் குழாயின் காலில் எவ்வளவு வளைக்கும் விசை வரும் என்பதைப் போட்டுப் பார்க்காமல் நிறுத்தவே கூடாது. 2021 மே மாதம் டவ்தே புயல் மும்பைக் கரையோரமாகப் போன அன்றைக்கு நான் தூங்கவில்லை.

கோர்ம்லியின் இன்னொரு வேலை, கேட்ஸ்ஹெட்டில் நிற்கும் வடக்கின் தேவதை, 1998-இல் நிறுத்தியது. சிறகு விரிவு 54 மீட்டர், எடை 200 டன். மணிக்கு 160 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்பதற்காக 600 டன் கான்கிரீட்டும் இருபது மீட்டர் ஆழத்துக்குத் தூண்களும் மண்ணுக்குள் இருக்கின்றன. மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு எடை கீழே. இதை வெதரிங் ஸ்டீல் என்ற வகையில் செய்திருக்கிறார்கள், மேலே படியும் துருவே கெட்டித் தோலாகி உள்ளே இருப்பதைக் காக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று இதே எஃகைக் கேட்டு எங்களிடமும் வருகிறார்கள். கடலோரம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தோல் கெட்டிப்பட நனைந்து காய்கிற சுழற்சி வேண்டும், உப்பு இருக்கும் இடத்தில் அது கெட்டிப்படாமல் அடுக்கடுக்காக உரிந்துகொண்டே போகும்.

காற்றை எதிர்க்காமல் உள்ளே விட்டுவிடுவது இன்னொரு வழி. பார்சிலோனா கடற்கரையில் 1992 ஒலிம்பிக்கை ஒட்டி கட்டிடக் கலைஞர் பிராங்க் கெரி நிறுத்திய பொன்னிற மீன் 56 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். அந்த அளவுக்கு மூடிய உடம்பு என்றால் கப்பல் பாய் மாதிரி காற்றில் இழுக்கும். அவர் எவர்சில்வர் பட்டைகளைக் கூடை முடைவது போலப் பின்னிவிட்டார், காற்று ஊடே போகிறது, வெயில் ஊடே விழுகிறது. அந்த இரட்டை வளைவுகளைக் கணக்கிட விமானம் வடிவமைக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அவருடைய பிற்காலக் கட்டிடங்கள் எல்லாம் எழும்பிய வழி அந்த மீனில்தான் திறந்தது. அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் 1939-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மாடிப்படிக்கு மேலே தொங்கவிட்ட சிங்கி இறால் கூண்டும் மீன்வாலும் இதற்கு நேர் எதிர்: கம்பியும் அலுமினியத் தகடும் சமநிலையில் தொங்க, ஒரு ஆள் நடந்து போகும் காற்றே அதை அசைக்கப் போதும்.

இரண்டு உலோகம் சேரும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றமாகிவிடும். உடம்பு எவர்சில்வர், துடுப்பு செம்பு, கண் பித்தளை என்று நிறத்துக்காகக் கலக்க எல்லோருக்கும் ஆசை. உப்பு ஈரம் நடுவே வந்தால் அது ஒரு பேட்டரி, ஒன்று இன்னொன்றைத் தின்னும். செம்பும் சாதா இரும்பும் தொட்டால் இரும்பு போகும். பெரிய செம்புத் தகட்டில் சின்ன இரும்பு ஆணி என்றால் இன்னும் வேகமாகப் போகும், மொத்தப் பசியும் அந்த ஒரு ஆணி மேல் விழுகிறது. இதற்கு உலகத்திலேயே பெரிய பாடம் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி. 1886-இல் வைத்தது, வெளியே 2.4 மில்லிமீட்டர் செம்புத் தோல், உள்ளே இரும்புக் கூடு. இரண்டும் தொடக்கூடாது என்று கட்டியவர்களுக்கே தெரியும், நடுவில் அரக்கு தோய்த்த கல்நார் வைத்தார்கள். அது நாளாவட்டத்தில் நைந்துபோய் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் திரியாக மாறியது. இரும்புப் பட்டைகள் துருவேறி உப்பி, செம்புத் தோலைப் பிடித்திருந்த பிடிகளைப் பிய்த்துவிட்டன. 1984 முதல் 1986 வரை பழுதுபார்த்தபோது அந்தப் பட்டைகளை எடுத்துவிட்டு 316 வகை எவர்சில்வர் போட்டு, நடுவே டெப்லான் வைத்தார்கள். பச்சை நிறம் மட்டும் கெடுதல் இல்லை, செம்பு தனக்குத் தானே போட்டுக்கொண்ட தோல் அது.

நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டு வெளியூரையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றலாம். நம்மிடம்தான் பழைய வேர் இருக்கிறது. சோழர் கால நடராசர் செப்புத் திருமேனிகளைக் கிட்டத்தில் பாருங்கள். சுற்றியிருக்கும் திருவாசி பல இடங்களில் இரண்டு பக்கமும் மகரத்தின் வாயில் இருந்துதான் கிளம்புகிறது. மகரம் நீரில் வாழும் உயிர், அதன் வாயில் இருந்து நெருப்பு வட்டம். சுழற்சியில் விரிந்து பறக்கும் சடையில் ஒரு சின்னப் பெண், கைகூப்பி, இடுப்புக்குக் கீழே நீராக அல்லது மீனாக. கங்கை. நீரும் நெருப்பும் காற்றும் ஒரே வார்ப்பில். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உரு பிடித்து, மேலே முதலில் நைசான வண்டல் மண் பூசி, காய்ந்ததும் கரடான மண் பூசி, சூடுகாட்டி மெழுகை ஒழுகவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் இதே வழி. சடை பறக்கும் ஒவ்வொரு கற்றையும் திருவாசியில் போய் ஒட்டுவது அழகுக்கு மட்டுமில்லை, உருகிய உலோகம் ஓடி நுனிவரை போக அது பாதையாகவும் உதவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகவே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி எழுப்பினார், எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கோயில் வாகனமும் திருவாசியும் நினைவுக்கு வருகிற, முன்பக்கம் நின்று பார்க்கும்படியான சிற்பங்களைச் செய்தார். மும்பையில் இதே காலத்தில் பிலூ போச்கானாவாலா, 1923-இல் பிறந்தவர், பழைய இரும்பையும் எந்திர உதிரிகளையும் பற்றவைத்து இயற்கை வடிவங்களைத் தேடினார்.

பழைய இரும்பு என்றால் மும்பையில் தாருகானா. ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கிழக்கே துறைமுகத்தை ஒட்டி, கப்பல் உடைக்கிற இடம். ஏற்றத்தில் கப்பலைக் கரையேற்றி, வற்றும்போது வெட்டுகிறார்கள். நங்கூரச் சங்கிலியின் ஒரு கண்ணியை ஒரு ஆளால் தூக்க முடியாது. பித்தளைச் சன்னல் வளையங்கள், புரொப்பெல்லர் துண்டுகள் எல்லாம் கிடைக்கும். இங்கே இதை பங்கார் என்பார்கள், நமக்கு அது காயலான் கடை, காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்று அண்ணாச்சி சொல்வார். 1961-இல் கடற்படையில் சேர்ந்து 1997-இல் ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலையும் கடைசியில் தாருகானாவில்தான் உடைத்தார்கள். அதன் இரும்பில் இருந்து சிற்பி அர்சான் கம்பாட்டா செய்த நினைவுச் சின்னம் 2016 ஜனவரியில் தென் மும்பையில் கடற்படைத் தளத்தை ஒட்டித் திறக்கப்பட்டது. கடலில் கிடந்த தகடு என்பதால் அதில் ஏற்கெனவே கடலின் கையெழுத்து இருக்கும், குழி குழியாக. பட்டறையில் அப்படிப்பட்ட தகடு வந்தால் அதைக் கிரைண்டரில் வழித்துவிடாதீர்கள் என்று நான் சண்டையே போட்டிருக்கிறேன். சுறா முதுகுக்கு அந்தக் குழிகளை எந்த எந்திரத்தாலும் புதிதாகச் செய்ய முடியாது.

இந்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த கதை உலோகத்தை விட்டுவிட்டவருடையது. அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எகல்மேன் 1997-இல் மாமல்லபுரத்துக்கு வந்தார். ஓவியக் கண்காட்சி நடத்துவதாகத் திட்டம், அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. சிற்பத்துக்குப் பெயர்போன ஊர் என்பதால் வெண்கல வார்ப்பில் இறங்கினார். எடையும் செலவும் கட்டுப்படியாகவில்லை. சாயங்காலம் கடற்கரையில் மீனவர்கள் வலையைக் குவித்து வைப்பதைப் பார்த்தபோதுதான், எடையே இல்லாமல் இவ்வளவு பெரிய உருவம் எழுப்பலாமே என்று அவருக்குப் பட்டது. அங்கிருந்து ஆரம்பித்து 2005-இல் போர்ச்சுகலில் போர்ட்டோவுக்கு அருகே கடலோரச் சாலைச் சந்திப்பின் மேல் ஒரு பெரும் வலையைத் தொங்கவிட்டார், காற்றில் ஜெல்லி மீன் போல மூச்சுவிடுகிறது. எங்கள் பக்கம் அதைச் சொறி என்போம். அதைத் தாங்குவது 20 டன் எஃகு வளையம். உலோகம் மறைந்து நின்று பிடித்துக்கொள்கிறது, அசைகிற வேலையை நூல் செய்கிறது. நம் கடற்கரையில் தினமும் கிடக்கிற வலை அது, நாம் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கொடுவாவைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி செய்தோம். இந்த முறை 316, சொட்டு மருந்து போட்டுப் பார்த்த தகடு. சாதா இரும்பைத் தேய்த்த கிரைண்டர் கல்லை அதன் பக்கமே விடவில்லை, அந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் எவர்சில்வரில் ஏறிவிட்டால் ஒரு வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். ஆர்கான் வெல்டிங் வைத்த இடங்களில் வரும் நீலமும் மஞ்சளுமான சூட்டு நிறத்தையும் பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு எடுத்தோம், அழகாக இருக்கிறதே விடலாம் என்று ஒரு பையன் சொன்னான், அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும் என்பதால் விடவில்லை. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. வாலடியில் ஒரு பெரிய ஓட்டை, உள்ளே போன தண்ணீர் எல்லாம் அங்கே வந்து வடியும்.

இப்போது மீன் துள்ளி எழுகிறது, தலை மேலே. வளாகத்துக்காரர்கள் பாய்கிற மீன்தானே கேட்டோம் என்றார்கள், அண்ணாச்சி ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் செதில் மேல் செதிலாக இறங்கி வால் நுனியில் சொட்டியது, ஒரு சொட்டு கூட உள்ளே தங்கவில்லை. அதற்கப்புறம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மழை இல்லாத எட்டு மாதமும் வாரம் ஒருமுறை காவலாளி குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுகிறார், வயிற்றை முதலில்.